எழுபது வளைவும் ஒரு வலக்காலும்

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் உண்டு. மொத்தம் 70. ஏறும்போது ஒவ்வொரு எண்ணையும் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தோம். இறங்கும்போது பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பைக்கில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா மகன்தான் முதலில் சொன்னான்: "மாமா, ஏதோ கருகுற வாடை அடிக்குது."

முன்னால் ஒரு மினி லாரி போய்க்கொண்டிருந்தது. பழியை அதன் மேல் போட்டுவிட்டு இன்னும் இரண்டு வளைவு இறங்கினேன். மூன்றாவதற்கு முன்னால் வலது காலை அழுத்தினால், பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி பெடல் உள்ளே போனது. வேகம் குறையவில்லை. கை பிரேக்கைப் பிடித்து, கியரைத் தட்டித் தட்டி இறக்கி, தடுப்புச் சுவரோரமாக வண்டியை நிறுத்தியபோது பின் டிஸ்க்கிலிருந்து மெல்லிய புகை கிளம்பிக்கொண்டிருந்தது. பாட்டில் தண்ணீரோடு ஓடிவந்த பையனைப் பிடித்து நிறுத்தினேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கலாம். கொதிக்கும் டிஸ்க்கில் ஊற்றினால் அது வளைந்துபோகும்.

அரை மணி நேரம் காத்திருந்ததும் பெடல் ஓரளவுக்குத் திரும்பி வந்தது. ஊர்ந்து இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் சாலையோரமாக இருந்த ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். மெக்கானிக் அண்ணன் டிஸ்க்கைக் குனிந்து பார்த்தார். வட்டம் முழுக்க நீலம் பாய்ந்திருந்தது.

"ஏனுங்க, மேல இருந்து கால எடுக்கவே இல்லீங்களா?"

பெடலில் கால் இருந்ததே எனக்கு நினைவில்லை. அதுதான் உண்மை. அவர் பிரேக் பேடுகளைக் கழற்றிக் காட்டினார். சொரசொரவென்று இருக்க வேண்டிய முகம் கண்ணாடி மாதிரி மின்னியது. நகத்தால் சுரண்டினால் வழுக்கியது.

"பேடு நல்ல பேடுதானுங்க. அதும்மேல தப்பில்ல. லாரிக்காரங்களக் கேட்டுப் பாருங்க, ஏறுன கியர்லயேதான் எறங்கோணும். பிரேக்கு அப்பப்பத்தான்."

லாரிக்குப் பாடி கட்டுவதையே பெருந்தொழிலாக வைத்திருக்கும் நாமக்கல் சீமையில் லாரிக்காரர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. புது பேடு மாட்டி, பிரேக் ஆயில் மாற்றி, ஏர் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்துதான், இருபது வருடமாகத் தினமும் மிதித்துக்கொண்டிருந்த ஒரு பெடலைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது உறைத்தது.

ஒரு குடம் கொதிநீர்

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். வண்டி 150 கிலோ, நாங்கள் இருவரும் சேர்ந்து 140. ஆக 290 கிலோ. மலைமேட்டுக்கும் அடிவாரத்துக்கும் இடையே ஆயிரம் மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை அவ்வளவு தூரம் கீழே இறக்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 28 லட்சம் ஜூல். பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இன்னொரு விதமாகப் பார்த்தேன். 60 கி.மீ. வேகத்தில் போகும் அதே வண்டியை ஒருமுறை முழுதாக நிறுத்த, சுமார் 40,000 ஜூல் ஆற்றலை விழுங்க வேண்டும். வகுத்தால் வரும் விடை 70. வளைவுக்கு ஒன்றாக, அறுபதில் போகும் வண்டியை எழுபது தடவை நிறுத்தியதற்குச் சமம்! எடை கூடினாலும் குறைந்தாலும் இந்த 70 மாறாது என்பது கணக்கிலுள்ள வேடிக்கை.

இந்தச் சூடு எங்கே போகும்? கொஞ்சம் காற்றுக்கு. தகுந்த கியரில் இறங்கினால் பெரும்பங்கு இன்ஜினுக்கு. பெட்ரோல் மிச்சம் என்று கிளட்ச்சைப் பிடித்தோ நியூட்ரலில் போட்டோ உருட்டினால் மொத்தமும் பிரேக்குக்கு. அதிலும் கால் பிரேக்கை மட்டுமே நம்பினால், ஒரு சின்ன இரும்புத் தட்டும் தீப்பெட்டி அளவுள்ள இரண்டு பேடுகளும் அதைத் தாங்க வேண்டும். பின் டிஸ்க்கின் எடை ஒரு கிலோ என்று கொண்டால், அந்த 40,000 ஜூல் அதில் இறங்கும்போது சூடு 80 டிகிரி ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

பெடல் பஞ்சாகப் போனதற்குக் காரணம் பேடு மட்டும் இல்லை. கடையில் பிரேக் ஆயில் என்று கேட்டு வாங்குகிறோமே, அது எண்ணெய் வகையே அல்ல. நம் வண்டிகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகைத் திரவங்கள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பது அவற்றின் குணம். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பேடின் சூடு அதைத் தள்ளும் பிஸ்டன் வழியாகத் திரவத்துக்குப் போய், உள்ளே குமிழி கிளம்பிவிட்டால் கதை முடிந்தது. திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். நாம் மிதிக்கும் மிதி முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகும். ஆறியதும் குமிழி மறையும், பெடல் திரும்பி வரும், "ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு" என்று நாமும் கிளம்பிவிடுவோம்.

மெக்கானிக் அண்ணன் மாற்றும் முன் என் வண்டியின் பின் டப்பாவில் இருந்த திரவம் பழைய டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றினேன் என்று யோசித்தேன். மாற்றியதே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது.

முன் பிரேக் என்றால் பயம்

கால் பிரேக்கை மட்டுமே நம்பும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? நம் ஊரில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் யாராக இருந்தாலும், அப்பாவோ சித்தப்பாவோ எதிர்வீட்டு அண்ணனோ, சொல்லும் முதல் எச்சரிக்கை ஒன்றுதான்: "முன் பிரேக்கத் தொட்டுடாத, குப்புற அடிச்சிடும்." சைக்கிளில் பள்ளத்தில் இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் பிடித்து முகத்தைப் பெயர்த்துக்கொண்ட தலைமுறையின் அனுபவம் அது. அந்தக் காலத்து ஸ்கூட்டர்களில் முன் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. கால் பிரேக்தான் பிரேக். பழைய புல்லட்டில் பிரேக் இடது காலில், கியர் வலது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் புல்லட்டில் ஏறி, பதறிய நேரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்த கதை ஊருக்கு ஒன்று இருக்கும்.

அந்த எச்சரிக்கை காலாவதியாகிப் பல வருடமாகிவிட்டது. வண்டி ஓடாமல் நிற்கும்போது, ஓட்டுபவரோடு சேர்த்து 220 கிலோ என்றால், முன் சக்கரத்தில் 110, பின் சக்கரத்தில் 110 என்று பாதிப் பாதியாக எடை உட்கார்ந்திருக்கும். நன்றாக அழுத்தி பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும். பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சரிகிறார்களே, அதே கதை. சாதாரண 150 சிசி வண்டியின் அளவுகளை வைத்துப் போட்டால், அந்த நேரத்தில் பின் சக்கரத்தில் மிஞ்சுவது 50 கிலோவுக்கும் குறைவு. தரையை அழுத்திப் பிடிக்காத டயரை எவ்வளவு நல்ல பிரேக் பிடித்து என்ன பயன்? அது பூட்டிக்கொண்டு வழுக்கத்தான் செய்யும். வண்டி வாரிவிட்டது என்கிறோமே, பெரும்பாலும் இதுதான்.

காய்ந்த நல்ல தார்ச் சாலையில் 60 கி.மீ. வேகம். பின் பிரேக்கை மட்டும், பூட்டாமல், திறமையாகப் பிடித்தாலும் நிற்க ஏறத்தாழ 49 மீட்டர் ஆகும். இரண்டையும் முழுத்திறனில் பிடித்தால் 18 மீட்டர் போதும். பஸ் கணக்கில் சொன்னால் நான்கு பஸ் நீளம் எங்கே, ஒன்றரை பஸ் நீளம் எங்கே. காகிதக் கணக்கு இது. சாலையில் இரண்டுமே கொஞ்சம் கூடும். ஆபத்தைப் பார்த்து மூளை காலுக்குச் செய்தி அனுப்ப ஒரு விநாடி ஆனால் அதற்குள் ஓடும் 17 மீட்டர் தனி.

அப்படியானால் பின் பிரேக் வீணா என்று கேட்டால், மிக் டூஹனைத்தான் காட்டுவேன். ஆஸ்திரேலியப் பந்தய வீரர். 1992இல் நெதர்லாந்தின் அசென் களத்தில் விழுந்து வலது கால் சிதைந்தது. காலையே எடுக்க வேண்டி வருமோ என்ற நிலை. மீண்டு வந்தபோது வலது பாதத்தால் பெடலை முன்போல் மிதிக்க முடியவில்லை. பின் பிரேக் இல்லாமலே ஓட்டிப் பழகியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இடது கைப்பிடியில் கட்டைவிரலால் தள்ளும் ஒரு பின் பிரேக்கைப் பொருத்திக்கொண்டார். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து வருடம் 500 சிசி உலகப் பட்டம் அவருக்குத்தான். வண்டியை நிறுத்துவதற்காக அவருக்கு அந்தப் பிரேக் தேவைப்படவில்லை. வளைவில் வண்டியின் போக்கைத் திருத்தவும், அதன் வாலை அடக்கி வைக்கவும் தேவைப்பட்டது.

எட்டுப் போடும் கால்

உலகச் சாம்பியன் வரைக்கும் போக வேண்டியதில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் 'எட்டு' போட்ட எல்லோரும் பின் பிரேக்கின் அருமையை ஒரு நிமிடமாவது அனுபவித்தவர்கள்தான். கால் தரையில் படாமல், அந்தக் குறுகிய வட்டத்துக்குள் வண்டி சாயாமல் திரும்ப வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டால் ஹேண்டில் மடங்கி விழுவோம். ஆக்ஸிலரேட்டரை மட்டும் நம்பினால் கோட்டைத் தாண்டுவோம். பாதி கிளட்ச், லேசாக ஆக்ஸிலரேட்டர், பின் பிரேக்கில் பூப்போல ஒரு அழுத்தம். மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்க, வண்டி கயிறு கட்டினாற்போல நிதானமாகத் திரும்பும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் இந்த வித்தையை மறந்துவிடுகிறோம். அடைசலான சந்தில் யூ டர்ன் எடுக்கும்போது இரண்டு காலையும் தரையில் உழுதுகொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த எட்டுதான் நினைவுக்கு வரும்.

பின் பிரேக்கின் இடங்கள் இவை: ஊர்ந்து போகும் நெரிசல். ஏற்றத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது வண்டி பின்வாங்காமல் பிடிக்க. ஜல்லி கொட்டிய, மணல் படர்ந்த சாலை. வளைவுக்குள் நுழைந்த பிறகு வேகம் கொஞ்சம் அதிகம் என்று தெரியும் நேரம். அங்கே முன் பிரேக்கைச் சட்டென்று பிடிப்பதைவிட, காலால் மென்மையாக அழுத்துவது வண்டியை நிலைப்படுத்தும். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் பின் சக்கரத்தில் எடை கூடும், பிரேக்கின் பங்கும் கூடும். மனைவியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் அவர் தலை நம் ஹெல்மெட்டில் இடிக்கும், அதற்கு வீட்டில் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பின் பிரேக்கை அரை நொடி முன்னதாக லேசாக அழுத்திவிட்டு, அதன் பிறகு முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கினால் வண்டி பின்பக்கம் கொஞ்சம் அமர்ந்து, குலுங்காமல் நிற்கும்.

பின் சக்கரம் பூட்டிக்கொண்டால்? வண்டி நேராக இருக்கும்வரை பயமில்லை. மிதியைக் கொஞ்சம் தளர்த்தினால் சக்கரம் மறுபடி சுழலும். ஆனால் வால் ஒருபக்கமாக நன்றாக விலகிப் போன பிறகு, பதறிக் காலை எடுப்பதுதான் பெரிய ஆபத்து. சக்கரத்துக்குத் திடீரென்று பிடி கிடைத்து, வண்டி வெடுக்கென்று நேராகி, ஓட்டுபவரை எதிர்ப்பக்கமாகத் தூக்கி வீசிவிடும். அந்த நிலையில் மிதித்தது மிதித்தபடியே, பார்வையை நேரே வைத்து, வண்டி நிற்கும்வரை சறுக்க விடுவதே மேல் என்பார்கள் பயிற்சி கொடுப்பவர்கள். இதைப் படித்துவிட்டு நடுரோட்டில் செய்துபார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானம் ஒன்றைத் தேடி, 30 கி.மீ. வேகத்தில், நேர்கோட்டில், டயர் 'கீச்' என்று முனகத் தொடங்கும் இடம் எது என்று காலுக்குக் காட்டிவிட வேண்டும். பத்து தடவை செய்தால் போதும், கால் மறக்காது. செருப்பு வேண்டாம். ரப்பர் செருப்போடு பெடலை மிதிப்பது கையுறை போட்டுக்கொண்டு காசு எண்ணுவது மாதிரி.

சட்டமும் நடுவில் வந்து இந்தப் பெடலின் குணத்தை மாற்றிவிட்டது. 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புது வண்டிகளுக்கும், 125 சிசிக்கு மேல் என்றால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். 125 வரை ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். இருக்க வேண்டும் என்றது அந்த விதி. சி.பி.எஸ். உள்ள பைக்கில் காலால் மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். பழைய வண்டியிலிருந்து மாறியவர்கள் "கால் பிரேக் ஷார்ப்பா இருக்கு" என்பது அதனால்தான். 150, 160 சிசி வண்டிகளில் விலையைக் கட்டுப்படுத்த ஒற்றைச் சேனல் ஏ.பி.எஸ். நிறைய வருகிறது. வண்டியின் மேல் ஏ.பி.எஸ். என்று பெரிதாக எழுதியிருக்கும், ஆனால் அது காப்பது முன் சக்கரத்தை மட்டும். பின் சக்கரம் இன்றும் நம் காலின் பொறுப்பில்தான். வாங்கும்போது ஷோரூமில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

எந்த பேடு?

பிறகொரு முறை சென்னை ஜி.பி. ரோட்டில் பின் பேடு வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு பாக்கெட்டைத் தூக்கி மேஜையில் வைத்தார். "சின்டர்ட் போடுங்க சார். தொட்டா நிக்கும்."

தொட்டால் நிற்பதுதான் பின்பக்கம் வேண்டாதது என்பதை அவரிடம் விளக்க எனக்கு நேரமில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பேடு என்பது ஓர் இரும்புத் தகடும் அதன் மேல் ஒட்டிய உராய்வுப் பொருளும். அந்தப் பொருள் எது என்பதில்தான் வகை. ஆர்கானிக் என்பது நார்களையும் தூள்களையும் பிசினில் குழைத்து, சூட்டில் அழுத்திச் செய்வது. மென்மையாகப் பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. ஆனால் தான் சீக்கிரம் தேயும், சூடு எல்லை மீறினால் பிசின் வெந்து, என் வண்டியில் ஆன மாதிரி முகம் மெருகேறிவிடும். சின்டர்ட் என்பது செம்பு முதலான உலோகத் தூள்களை உருகாமல், ஆனால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூடாக்கி இறுக்கியது. மழையிலும் சேற்றிலும் பிடி விடாது, சூடு தாங்கும், நாள்பட உழைக்கும். பதிலுக்கு டிஸ்க்கைத் தின்னும். சூட்டையும் பிஸ்டன் பக்கம் சுலபமாகக் கடத்தும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் இது தனிச் சிக்கல். இரண்டுக்கும் நடுவில், உலோகத் தூள் கொஞ்சம் கலந்த செமி வகை.

பேடின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் இரண்டு எழுத்துகள் அச்சிட்டிருக்கும்: எஃப்.எஃப்., ஜி.ஜி., எச்.எச். என்று. உராய்வின் அளவைச் சொல்லும் குறியீடு இது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எப்படிப் பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது நல்ல சூட்டில் எப்படி என்பதற்கு. எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் அதற்கும் மேல். பள்ளிக்கூட மார்க் மாதிரி எச்.எச். முதல் ரேங்க் என்று பலர் நினைக்கிறார்கள். பிடியின் வேகத்தை மட்டும்தான் அது சொல்கிறது, உழைப்பையோ தரத்தையோ அல்ல.

முன் சக்கரத்தில் எச்.எச். போட்டால் நியாயம் உண்டு. எடை அங்கேதான் போய் அழுத்துகிறது. பின்னாலோ, அவசரத்தில் 50 கிலோ கூடத் தாங்காத ஒரு சக்கரம். அதற்குக் கடுமையான பேடு மாட்டினால் கால் பட்டதும் பூட்டிக்கொள்ளும். ஏ.பி.எஸ். பின்னால் இல்லாத வண்டியென்றால் கேட்கவே வேண்டாம். காலில் விரல்களின் நுணுக்கம் கிடையாது. பூட்ஸுக்குள் இருக்கும் பாதம் கிராம் கணக்கில் பேசாது, கிலோ கணக்கில்தான் பேசும். அந்த முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொண்டு, மிதிக்க மிதிக்கப் படிப்படியாகப் பிடியைக் கூட்டும் பேடுதான் பின்பக்கத்துக்கு ஏற்றது. என் தீர்ப்பு இது: தினமும் ஆபீஸ், கடைவீதி, எப்போதாவது ஊர்ப் பயணம் என்று ஓடும் 150, 200 சிசி வண்டிக்குக் கம்பெனியே கொடுத்த வகை பேடு, அல்லது அதே பிடியுள்ள நல்ல ஆர்கானிக் போதும். கனமான வண்டி, இரண்டு பேர், பக்கவாட்டில் பெட்டிகள், வால்பாறையின் 40 வளைவும் கல்லட்டியின் 36 வளைவும் மாதாமாதம் என்றிருப்பவர்களும், செம்மண் சேற்றில் ஓட்டுபவர்களும் சின்டர்ட் போடலாம். போட்டுவிட்டுக் காலை மறுபடி பழக்க வேண்டும்.

பழைய பேடைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. ஒரே வண்டிக்கு வருடத்துக்கு வருடம், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் மாறியிருக்கும். வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் பொருந்தாதது வந்து சேரும். பாதி விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: தகட்டிலிருந்து உராய்வுப் பொருள் பெயர்ந்து வந்த ஒரு பேடை அந்த மெக்கானிக் அண்ணன் ஆணியில் மாட்டி வைத்திருந்தார், திருஷ்டிப் பொம்மை மாதிரி.

புது பேடு மாட்டிய அன்றே மலையேறக் கூடாது. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று முகம் பழக வேண்டும். காலிச் சாலையில் 50லிருந்து 10 வரை, முழுக்க நிறுத்தாமல், மிதமாக அழுத்தி வேகத்தைக் குறைப்பது. கொஞ்சம் ஓடி ஆறவிட்டு மறுபடியும். இப்படிப் பத்துப் பதினைந்து முறை. நடுவில் சூட்டோடு நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே நின்றால் அந்த இடத்தில் மட்டும் தடம் பதிந்து, பிறகு மிதிக்கும்போதெல்லாம் துடிக்கும்.

தேய்மானத்தைப் பார்க்கக் கழற்ற வேண்டியதில்லை. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் இடுக்கில் தெரியும். உராய்வுப் பொருள் 2 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடலாம். 1 மில்லிமீட்டர் என்பது கடைசி எல்லை. ஒரு பேடு தேய்ந்து மற்றது புதிதாகவே இருந்தால் பேடில் கோளாறில்லை. காலிப்பர் நகரும் பின்களில் சேறு ஏறி இறுகியிருக்கும். சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் வைக்க வேண்டும். டிஸ்க்கின் ஓரத்தில் அதன் குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் புது பேடு போட்டும் பயனில்லை. பேடைச் சுத்தம் செய்கிறேன் என்று வாயால் ஊதுவதும், காற்றடிக்கும் பைப்பைக் காட்டுவதும் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டி பளபளக்க ஆயில் அடித்துக் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்தப் புகைமூட்டம் டிஸ்க்கில் படிந்தால் பேடு எண்ணெய் குடித்துவிடும். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போதும் அப்படித்தான். எண்ணெய் குடித்த பேடை உப்புத்தாளால் தேய்த்துப் பிழைக்க வைக்கலாம் என்று பலர் முயல்வார்கள், நானும் முயன்றேன். இரண்டாவது சிக்னலில் எண்ணெய் மறுபடி கசிந்தது. மெருகேறியதைத் தேய்த்து மீட்க ஓரளவு வாய்ப்புண்டு, எண்ணெய் குடித்ததற்குக் குப்பைத்தொட்டிதான்.

டிரம் வைத்திருப்பவர்கள்

100, 110 சிசி வண்டிகளில் பின்னால் இன்னமும் டிரம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே மூடி இருப்பதால் சேறு படாது, பேடின் வேலையைச் செய்யும் ஷூ வருடக்கணக்கில் வரும். சூட்டில்தான் வித்தியாசம்: டிரம் சூடாகி விரிந்தால் ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். வெள்ளத்தில் முங்கி எழுந்தால் தண்ணீர் உள்ளே தங்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாகச் சற்று நேரம் மிதித்தால் காயும். பெடலுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். பலருக்குத் தெரியாதது இது: செயினை இறுக்கினால் பின் சக்கரம் பின்னால் நகரும், பிரேக் ராடும் சேர்ந்து இழுபடும். செயின் டைட் செய்த மறுநாள் "வண்டி இழுக்க மாட்டேங்குது, மைலேஜ் குறையுது" என்று புலம்புகிறவர்கள், ராடின் கடைசியில் உள்ள நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கட்டும்.

கடைசியாகப் பிரேக் லைட். பெடல் அசைந்த மாத்திரத்தில் சிவப்பு எரியும்படி சுவிட்சை வைத்துக்கொள்ள வேண்டும். என்னைப் போலக் காலை எடுக்கவே எடுக்காதவர்களுக்கோ அது எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அன்று கொல்லிமலையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எழுபது வளைவும் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கியிருப்பார்கள். எப்போது நிஜமாகவே பிரேக் பிடிக்கிறேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆறு மாதம் கழித்து மறுபடியும் போனோம். ஆடிப் பதினெட்டு, வல்வில் ஓரி விழாக் கூட்டம். இறங்கும்போது இரண்டாவது கியர், கொண்டை ஊசிகளில் முதல் கியர். இன்ஜின் உறுமிக்கொண்டே வந்தது. வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கும் சேர்த்து ஒரு பிடி, பிறகு விட்டுவிடுவது. வலது பாதத்தைப் பெடலை விட்டு நகர்த்தி வைத்துக்கொள்ள முதல் இருபது வளைவு வரை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பையன் பின்னாலிருந்து எண்களைக் கத்தினான், ஒன்றையும் விடாமல்.

காளப்பநாயக்கன்பட்டியில் அந்தப் பட்டறை முன்னால் நிறுத்தினோம். அண்ணன் அடையாளம் கண்டுகொண்டார். பேசாமல் வந்து, டிஸ்க்கைத் தொடாமல் புறங்கையை அதன் அருகில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"பரவாயில்லீங்க," என்றார். "தம்பிக்கு டீயா, பாலா?"